காரணத்தைச் சோதிக்கும் சக்கரம்

“தர்க்கம் என்றாலே அரிஸ்டாட்டில் என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நம் பக்கம் யாருமே இதைப் பற்றி யோசிக்கவில்லையா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். யோசித்தார்கள், அதுவும் வெகு நுட்பமாக. ஒருவர் ஒரு காரணம் சொன்னால் அது செல்லுமா செல்லாதா என்று பார்க்க, ஒன்பதே கட்டங்களில் ஒரு சோதனையை வகுத்தவர் திக்நாகர். கி.பி. 480-க்கும் 540-க்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்தவராகக் கருதப்படும் பௌத்தத் துறவி. அவர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த ஒன்பது கட்டங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

முதலில் அரிஸ்டாட்டிலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். காலம் கி.மு. 384 முதல் 322 வரை. ‘எல்லா மனிதரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் இறப்பவர்’ என்பது பாடப்புத்தக உதாரணம். மனிதர், இறப்பு போன்ற சொற்கள் இருந்த இடத்தில் வெறும் எழுத்துகளைப் போட்டது அவர் செய்த பெரிய காரியம். எந்த இரண்டு வாக்கியங்களைச் சேர்த்தால் மூன்றாவது ஒன்று கட்டாயமாக வந்து சேரும் என்று ஒவ்வொரு சேர்க்கையாக எடுத்துப் பார்த்தார். பிற்பாடு, 13-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பல்கலைக்கழக மாணவர்கள் ‘பார்பரா, செலாரென்ட்’ என்று தொடங்கும் லத்தீன் பாட்டாக அவற்றை மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பெயர்களில் உள்ள உயிரெழுத்துகளே வாக்கியம் எந்த வகை என்று காட்டிக்கொடுத்துவிடும். அழகான ஏற்பாடு.

இந்தியாவில் தர்க்கம் வளர்ந்தது வாதசபையில். எதிரே மாற்றுச் சமயத்தவர் உட்கார்ந்திருக்கிறார், சபையோர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் ஒன்றை நிறுவ வேண்டும். அதனால் இங்கே முதலில் எழுந்த கேள்வி, ‘நீ சொல்லும் காரணம் நல்ல காரணமா?’ என்பதுதான். நியாயம் என்ற தர்க்க மரபின் மூல நூலான கௌதமரின் நியாய சூத்திரம் வாதத்தை ஐந்து உறுப்புகளாகப் பிரித்தது. தமிழில் அதைத் தெளிவாகப் பார்க்க மணிமேகலையின் 29-ஆம் காதைக்குப் போக வேண்டும். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பாடம் நடத்துகிறார். ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது, அதாவது காரணம். ‘அடுக்களை போல்’ என்பது திட்டாந்தம், அதாவது உதாரணம். ‘மலையும் புகையுடைத்து’ என்று பொருத்திக் காட்டுவது உபநயம். முடித்துச் சொல்வது நிகமனம். கடைசி இரண்டும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்று அடிகளே சொல்லிவிடுகிறார். அது பௌத்தர்களின் சுருக்கம். மூன்றே உறுப்புகள் போதும் அவர்களுக்கு.

சரி, புகை நல்ல காரணம் என்று எப்படித் தெரியும்? ஒரு அடுக்களையைக் காட்டினால் போதுமா? ஒரே ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் நிறுவலாமே. இந்த ஓட்டையைத்தான் திக்நாகர் அடைத்தார்.

அவர் உலகத்தை மூன்றாகப் பிரிக்கிறார். எதைப் பற்றி வழக்கோ அந்தப் பொருளையும் பக்கம் என்றே சொல்வார்கள், இங்கே மலை. மலையைத் தவிர, நெருப்பு இருப்பதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எல்லாமே சபக்கம்: அடுக்களை, காய்ச்சிய இரும்பு, எரிகிற விளக்கு. நெருப்பு இல்லாதவை எல்லாம் விபக்கம்: ஏரி, குளம். காரணத்துக்கு மூன்று நிபந்தனைகள். அது பக்கத்தில் இருக்க வேண்டும். சபக்கத்தில் எங்காவது இருக்க வேண்டும். விபக்கத்தில் எங்குமே இருக்கக் கூடாது.

முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், மலையில் புகை கண்ணுக்குத் தெரிகிறது. மிச்சம் இரண்டு. சபக்கத்தை எடுத்துக்கொண்டால் காரணம் அதில் முழுவதும் இருக்கலாம், எங்குமே இல்லாமல் போகலாம், அல்லது சிலவற்றில் மட்டும் இருக்கலாம். நான்காவது வழி கிடையாது. விபக்கத்துக்கும் அதே மூன்று. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. எந்தக் காலத்தில், எந்த மொழியில், யார் சொல்லும் காரணமானாலும் இந்த ஒன்பதில் ஒன்றில் விழுந்தே ஆக வேண்டும். இதைத்தான் ஏதுச் சக்கரம் என்கிறோம்.

ஒரு தாளில் மூன்று வரிசை போட்டுப் பாருங்கள். மேல் வரிசை, சபக்கம் முழுவதும் உள்ளவை. நடு வரிசை, சபக்கத்தில் அறவே இல்லாதவை. கீழ் வரிசை, சிலவற்றில் மட்டும் உள்ளவை. ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக விபக்கம்: முழுவதும், இல்லை, சில. திக்நாகர் ஒன்பதுக்கும் உதாரணம் தருகிறார், எல்லாம் ஒலியைப் பற்றியவை. காரணம் இருக்கிறது. வேதத்தின் ஒலி என்றென்றும் நிலையானது என்று வேதச் சடங்கு மரபினரான மீமாம்சகர்கள் சொன்னார்கள். நிலையான பொருள் எதுவுமே இல்லை என்றார்கள் பௌத்தர்கள். அன்றைய சபைகளின் பெரிய வழக்கு அது.

மேல் வரிசையின் நடுக்கட்டம்: ‘ஒலி நிலையற்றது, உண்டாக்கப்படுவதால்.’ நிலையற்ற குடம், மின்னல் எல்லாமே உண்டாக்கப்பட்டவை. நிலையானதாக ஏற்கப்பட்ட ஆகாயம் உண்டாக்கப்பட்டதல்ல. செல்லும். கீழ் வரிசையின் நடுக்கட்டம்: ‘ஒலி நிலையற்றது, முயற்சியால் பிறப்பதால்.’ குடம் முயற்சியால் வருகிறது, மின்னல் வருவதில்லை, ஆகவே சபக்கத்தில் சிலவற்றில்தான் காரணம் உண்டு. ஆனால் ஆகாயத்தில் இல்லவே இல்லை. இதுவும் செல்லும். ஒன்பதில் செல்லுபடியாகும் காரணங்கள் இந்த இரண்டுதான்.

இப்போது நடு வரிசையின் இடது ஓரக் கட்டம். ‘ஒலி நிலையானது, உண்டாக்கப்படுவதால்.’ நிலையானவற்றில் உண்டாக்கப்பட்டது எதுவும் இல்லை, நிலையற்றவை அத்தனையும் உண்டாக்கப்பட்டவை. இந்தக் காரணம் தோற்பதோடு நிற்பதில்லை, சொன்னவருடைய கட்சிக்கு நேர் எதிரானதை நிறுவிவிடுகிறது. அதே வரிசையின் வலது ஓரமும் அப்படியே. சபக்கத்தையும் விபக்கத்தையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இடது ஓரம் மேல் வரிசையின் நடுக்கட்டமாக மாறுகிறது, வலது ஓரம் கீழ் வரிசையின் நடுக்கட்டமாக மாறுகிறது. செல்லும் காரணம் இரண்டு, அவற்றின் தலைகீழ் இரண்டு. எஞ்சிய ஐந்தும், அதாவது நான்கு மூலைகளும் மையமும், எந்தத் தரப்புக்கும் தீர்ப்புச் சொல்லாதவை. காகிதத்தில் குறித்துப் பார்த்தால் செல்லுபவை மேலும் கீழும், எதிரிடையானவை இடமும் வலமும், ஐயத்துக்குரியவை மூலைகளிலும் நடுவிலும் என்று கச்சிதமாக உட்காருகின்றன.

என்னை மிகவும் கவர்ந்தது மையக் கட்டம். ‘ஒலி நிலையானது, காதால் கேட்கப்படுவதால்.’ உலகத்தில் காதால் கேட்கப்படுவது ஒலி ஒன்றுதான். ஒலியோ வழக்கில் இருக்கிறது, அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அதை ஒதுக்கி வைத்துவிட்டால் கேட்கப்படும் பொருள் சபக்கத்திலும் இல்லை, விபக்கத்திலும் இல்லை. எவ்வளவு தனிச்சிறப்பான குணமாக இருந்தாலும், அது ஒரே பொருளுக்கு மட்டும் உரியதாக இருந்தால் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் இல்லை. ‘எங்கள் குலதெய்வம் தனி, எங்கள் ஊர் மண் தனி, அதனால்தான் இப்படி நடக்கிறது’ என்ற பேச்செல்லாம் இந்த மையக் கட்டத்தில்தான் வந்து விழும்.

மலைப் புகை எந்தக் கட்டம்? அடுக்களையில் நெருப்பும் புகையும் உண்டு. கொல்லன் உலையிலிருந்து எடுத்த பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஆகவே சபக்கத்தில் சில. ஏரியில் இல்லை. கீழ் வரிசையின் நடுக்கட்டம், செல்லும். இப்போது வாதத்தைத் திருப்புங்கள்: ‘அங்கே புகை இருக்கிறது, நெருப்பு இருப்பதால்.’ புகையுள்ள இடத்திலெல்லாம் நெருப்பு உண்டுதான். ஆனால் புகையில்லாத இடங்களின் கூட்டத்தில் அந்தப் பழுத்த இரும்பு நிற்கிறது, நெருப்போடு. மேல் வரிசையின் வலது மூலைக்குப் போய்விட்டது வாதம். ஒரே இரும்புத் துண்டு முதல் வாதத்தில் ஒன்றும் செய்யாமல் சபக்கத்தில் நிற்கிறது, இரண்டாவது வாதத்தைக் கவிழ்த்துவிடுகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

கீழ் வலது மூலையையும் சொல்லியாக வேண்டும், நம் வாழ்க்கையில் அதிகம் அடிபடுவது அதுதான். ‘இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிடும், மந்திரித்த கயிறு கட்டியிருப்பதால்.’ காய்ச்சல் இறங்கியவர்களில் சிலர் கயிறு கட்டியிருந்தார்கள், சிலர் கட்டவில்லை. இறங்காதவர்களிலும் அப்படியே. கயிற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாம் என்ன செய்கிறோம்? கயிறு கட்டிக் குணமானவர்களை மட்டும் எண்ணுகிறோம். கட்டியும் குணமாகாதவர், கட்டாமலே குணமானவர் என்ற மற்ற கூட்டங்களை யாரும் எண்ணுவதில்லை. புது மருந்தைச் சோதிக்கும்போது மருந்து கொடுக்காத ஒரு குழுவையும் சேர்த்துக் கவனிப்பது இதற்காகத்தான். விபக்கத்தைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதாதே என்ற விதி ஆறாம் நூற்றாண்டுச் சபைகளிலேயே இருந்தது. பல்லி விழுந்த பலனைத் தொலைக்காட்சியில் கேட்கும் நமக்கு இந்த விதியைப் பத்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மணிமேகலைக்கு வருவோம். 29-ஆம் காதை போலிகளை, அதாவது வாதத்தில் நேரும் பிழைகளை, பட்டியலிடுகிறது: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. ஏதுப்போலிகளுள் அநைகாந்திகம், அதாவது ஐயத்துக்குரியவை, என்ற பிரிவில் ஆறு உண்டு. அவற்றில் ஐந்து, நான் மேலே சொன்ன அதே நான்கு மூலைகளும் மையமும்தான். மையத்துக்கு அங்கே அசாதாரணம் என்று பெயர், உதாரணமும் ‘சத்தம் நித்தம், கேட்கப்படுதலின்’ என்பதே. ஆறாவது, இரண்டு நல்ல காரணங்கள் எதிரெதிராக நிற்கும் நிலை. சங்கரசுவாமியின் நியாயப் பிரவேசம் என்ற வடமொழி நூலோடு இந்தப் பகுதி மிக நெருக்கமாக ஒத்துப்போகிறது. அந்த நூலை யுவான் சுவாங் 647-இல் சீனத்தில் பெயர்த்தார், அங்கிருந்து அது ஜப்பானியத் துறவிகளின் பாடமாயிற்று. ஆக, சீனத்துறவி ஒருவர் படித்த அதே தர்க்கப் பாடம் தமிழ்க் காப்பியத்தில் ஆசிரியப்பாவாக உட்கார்ந்திருக்கிறது. நம் கல்லூரிகளில் மணிமேகலை நடத்தும்போது அமுதசுரபியோடு நிறுத்திவிட்டு, இந்தக் காதை கடினம் என்று தாண்டிப் போவது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஏதுச் சக்கரத்தின் வடமொழி மூலம் நமக்குக் கிடைக்கவில்லை, திபெத்திய மொழிபெயர்ப்பில்தான் பிழைத்திருக்கிறது. கர்நாடகத்தின் முண்ட்கோடு, பைலகுப்பே ஊர்களில் உள்ள திபெத்திய மடங்களில் ‘ஒலி நிலையற்றது, உண்டாக்கப்படுவதால்’ என்று இளம் துறவிகள் இன்றும் கைதட்டி வாதம் பழகுகிறார்கள். திபெத்தியமும் தமிழும் சேர்ந்து படிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு நாலைந்து நல்ல உதவித்தொகைகளை நம் பல்கலைக்கழகங்கள் ஒதுக்கலாம். பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். மொழி கற்க ஐந்தாறு ஆண்டுகள் சோறு போட்டால் போதும்.

சக்கரம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா என்றால், இல்லை. விபக்கத்தில் ‘எங்குமே இல்லை’ என்று எப்படிச் சொல்வது? உலகத்தின் எல்லாக் குளங்களையும் போய்ப் பார்த்தவர் யார்? ஏழாம் நூற்றாண்டில் தர்மகீர்த்தி இதைப் பிடித்துக்கொண்டார். பார்க்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவே இயற்கையிலேயே ஒரு கட்டு இருக்க வேண்டும் என்றார். ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்திருக்க வேண்டும், புகை நெருப்பிலிருந்து பிறப்பதுபோல. அல்லது ஒன்றின் இயல்பிலேயே மற்றொன்று அடங்கியிருக்க வேண்டும், வேம்பு என்றாலே மரம் என்பதுபோல. நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. ஒரு நட்சத்திரம் உதித்ததைப் பார்த்து இன்னொரு நட்சத்திரம் உதிக்கும் என்று சொல்கிறோமே, அங்கே எது எதிலிருந்து பிறந்தது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 14-ஆம் நூற்றாண்டில் மிதிலையின் கங்கேசர் இந்தக் கட்டு எது என்பதற்கு முன்னோர் சொன்ன இலக்கணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓட்டை காட்டிவிட்டு, அப்புறம்தான் தன்னுடையதைச் சொன்னார்.