கண்ணாடியைத் தூக்கினால் மரம் முளைக்கும்

ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் கூடங்களில் வேலை கண்ணாடியின்மேல்தான் தொடங்குகிறது. சதுரக் கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூவோ நட்சத்திரமோ வளைத்துச் செய்த உலோக அச்சு. அச்சின் அறைகளில் நீர்க்கக் கரைத்த வண்ணச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சை உருவியெடுத்து, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் சாந்தை அப்பிச் சமன் செய்வார்கள். இறுகிய கல் தண்ணீர்த் தொட்டியில் ஊறும்; சூளைக்கு வேலையே இல்லை. கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் பதிந்திருக்கும். முதலில் ஊற்றிய நிறம்தான் மேல்முகமாக வரும், அதுவும் இடவலம் மாறி. பர்மா தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் வியந்து எழுதுகிறவர்கள் பலர். ஆனால் செட்டிநாட்டு வீட்டின் தரை முழுக்க அச்சுப்படங்கள் பரப்பியிருப்பது என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய வியப்பு.

அங்கே நிறம் இறுகும்வரை கண்ணாடியை யாரும் அசைப்பதில்லை. ஈரமாக இருக்கும்போதே தூக்கிவிட்டால்? இந்தக் கட்டுரை அந்த அவசரக்காரர்களுக்கானது.

செய்துபார்க்க அதிகம் வேண்டாம். ஓரம் தேய்த்த கண்ணாடித் துண்டு ஒன்று, கெட்டியான போஸ்டர் கலர், வழவழப்பான ஆர்ட் பேப்பர். சாதாரணத் தாள் ஈரத்தை உறிஞ்சிப் பாதி வேடிக்கையைக் கெடுத்துவிடும். கண்ணாடியில் ஒரு சொட்டு வண்ணம் வைத்து, தாளை மேலே போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். வண்ணம் வட்டமாகப் பரவும். அதன் விளிம்பு பிசிறில்லாமல் இருப்பதைக் கண்ணாடியின் அடிப்பக்கத்திலிருந்து பார்க்கலாம். இப்போது தாளை உரியுங்கள். வட்டம் இருந்த இடத்தில் கிளையும் சிறுகிளையுமாக ஒரு மரம் நிற்கும். யாரும் அதை வரையவில்லை.

அழுத்தும்போது வட்டம், உரிக்கும்போது மரம். ஏன் இந்த வேறுபாடு?

அழுத்தும்போது பாகுத்தன்மை, அதாவது எளிதில் ஓடாத தன்மை, மிகுந்த வண்ணம் காற்றை வெளியே தள்ளுகிறது. விளிம்பில் எங்காவது ஒரு புடைப்பு முந்திப் போனாலும் மற்ற பகுதிகள் அதை எட்டிப் பிடித்துவிடும். உரிக்கும்போது நிலைமை தலைகீழ். இடைவெளி பெரிதாகிறது, வண்ணத்தின் அளவோ மாறவில்லை. ஆகவே வண்ணம் உள்நோக்கிச் சுருங்க வேண்டும், அதன் நடுவில் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே புகுகிறது. காற்றின் பாகுத்தன்மை தண்ணீருடையதில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். போஸ்டர் கலரோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. விளிம்பில் தற்செயலாக ஒரு சிறு பள்ளம் இருந்தால், அந்த இடத்துக் காற்று குறைந்த அழுத்தப் பகுதிக்குக் கொஞ்சம் நெருக்கமாகிவிடுகிறது. எதிரே தள்ள வேண்டிய வண்ணமும் குறைவு. அதனால் அது வேகமாக முன்னேறுகிறது. முன்னேறியதால் இன்னும் நெருங்குகிறது. நெருங்கியதால் இன்னும் வேகம். இப்படிக் காற்று விரல் விரலாக உள்ளே நீள்கிறது.

விரல்கள் கட்டுப்பாடின்றி மெலிந்துகொண்டே போவதில்லை. பரப்பு இழுவிசை கூரிய வளைவுகளை விரும்பாது. மிக மெல்லிய விரல்களை அது இழுத்து மழுக்கிவிடும். இந்த இரண்டு போக்குகளும் சமரசமாகும் இடத்தில்தான் விரலின் அகலம் முடிவாகிறது. இடைவெளி குறுகினால் விரலும் குறுகும். வண்ணம் கெட்டியாக இருந்தாலோ, வேகமாக உரித்தாலோ கிளைகள் நுணுகும். கணக்குப்படி, விளிம்பு நகரும் வேகம் நான்கு மடங்கானால் அகலம் பாதியாகும். விரல் அகலமாகிப்போனால் நுனி இரண்டாகப் பிளக்கும். முந்திய விரல், பக்கத்து விரல்களுக்குக் கிடைக்க வேண்டிய அழுத்தச் சரிவைத் தானே எடுத்துக்கொள்வதால் அவை பாதியில் நின்றுவிடும். நின்றுபோன விரலின் இருபுறமும் இருந்த வண்ணச் சுவர்கள் அங்கே ஒன்றுசேர்கின்றன. ஓரத்தில் பல சுவர்கள், உள்ளே போகப் போகச் சில: நாம் மரம் என்று பார்ப்பது இந்தச் சுவர்களைத்தான். தாளின் கீழ்விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து உரித்தால் அடிமரம் கீழே அமைவதற்கும் இதுவே காரணம்.

இதைக் கணிதமாக எழுதியவர்கள் பிலிப் சாஃப்மனும் ஜெஃப்ரி டெய்லரும். 1958-இல் வெளியான அவர்களின் ஆய்வுக்குப் பின்னணி ஓவியம் அல்ல, எண்ணெய்க் கிணறு. பாறைத் துளைகளில் தங்கிய கச்சா எண்ணெயை வெளியேற்றத் தண்ணீரைச் செலுத்தினால், தண்ணீர் எண்ணெயை ஒரே வரிசையாகத் தள்ளாமல் விரல்களாகப் பாய்ந்து கிணற்றை எட்டிவிடும், எண்ணெய் பின்தங்கிவிடும். இதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முன்பே, 1930-களின் நடுவில், ஸ்பானிய ஓவியர் ஆஸ்கார் டொமிங்கேஸ் இந்த ஒற்றுமுறையில் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். முன்கூட்டி எண்ணிய பொருள் ஏதுமில்லாத படங்கள் என்பதே அவற்றின் சிறப்பு என்றார். ஜெர்மனியில் பிறந்த ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் அந்த முறையை எடுத்துக்கொண்டு, ஒற்றிய கறைகளிலிருந்து காடுகளையும் பறவை மனிதர்களையும் தேடி வெளிக்கொணர்ந்தார்.

தாளில் பொருள் இல்லை என்றால் அது எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நம் தலைக்குள்ளிருந்து. மூளையின் அடிப்பகுதியில் முகங்களைக் கண்டால் தனியாக விழித்தெழும் ஒரு பகுதி இருப்பதை மூளை ஆய்வாளர் நான்சி கன்விஷரின் குழு 1997-இல் விவரித்தது. முகம்போலத் தோன்றும் வெறும் பொருள்களைக் காட்டி 2009-இல் நடத்திய ஓர் ஆய்வில், அந்தப் பகுதியின் துலங்கல் சுமார் 165 மில்லிநொடியிலேயே வந்துவிட்டது. அதாவது, "இது முகமாக இருக்குமோ" என்று நிதானமாக யோசித்து முடிவெடுக்கும் வேலை அல்ல இது. யோசனைக்கு முன்பே முகம் வந்து நிற்கிறது. இரண்டு புள்ளியும் கீழே ஒரு கோடும் போதும். தாளை நடுவில் மடித்து ஒற்றினால் இடமும் வலமும் ஒத்துப்போவதால், கண், கொம்பு, இறக்கை எல்லாம் இணை இணையாகக் கிடைத்து வேலை இன்னும் எளிதாகிறது.

சுவிஸ் மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921-இல் வெளியிட்ட 10 மைக்கறைப் படங்களும் இப்படி ஒத்திசைந்தவையே. அவற்றை வைத்து ஒருவரின் மனத்தை எவ்வளவு அளக்க முடியும் என்ற சண்டை ஒரு நூற்றாண்டாக ஓயவில்லை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. எனக்குப் பிடித்தது 2017-இல் ரிச்சர்ட் டெய்லர் என்ற இயற்பியலாளரின் குழு அந்தக் கறைகளின் விளிம்பை அளந்து சொன்ன செய்தி. விளிம்பின் நெளிவுசுளிவு குறையக் குறைய, மக்கள் காணும் உருவங்களின் எண்ணிக்கை கூடுகிறது. மிகவும் சிக்கலான விளிம்பு, கண்ணுக்குப் பிடி கொடுப்பதில்லை. அப்படியானால் உரிக்கும் கையின் வேகத்துக்கும் பார்ப்பவரின் கற்பனைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது: மெல்ல உரித்த, கிளை தடித்த படத்தில் யானையும் குதிரையும் எளிதில் வரும், வெடுக்கென்று உரித்ததில் வேலைப்பாடு மட்டும் மிஞ்சும்.

என்ன உருவம் வரும் என்பது, பார்ப்பவர் எங்கே வளர்ந்தவர் என்பதையும் பொறுத்தது. காரைக்குடிப் பக்கம் வளர்ந்தவர் கழுத்து நிமிர்ந்த ஒரு கறையில் ஐயனார் கோயில் மண்குதிரையைக் காணலாம். அதே கறையில் கடற்கரைக்காரருக்குப் பவளம் தெரியலாம். ஒருவர் "குதிரை" என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்தவருக்குப் பவளம் மறைந்துவிடும். பெயரைக் கேட்டபின் பழைய வெறும் கறையைத் திரும்பப் பார்ப்பது மிகக் கடினம். படத்துக்கு அவசரப்பட்டுத் தலைப்பு வைப்பவர்கள் மற்றவர்களின் பாதிக் கற்பனையைப் பறித்துக்கொள்கிறார்கள் என்பேன்.

ஆகவே உலர்ந்த படத்தைச் சுவரில் மாட்டுமுன் நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். தலைகீழான முகத்தை அடையாளம் காண்பதில் மூளை வெகுவாகத் தடுமாறும். நேராக வைத்தபோது முறைத்த பூதம், திருப்பியதும் கிளைகளாகக் கலைந்துவிடும், வேறேதாவது அந்த இடத்துக்கு வரும். வீட்டில் பலர் பார்க்கப்போகிறார்கள் என்றால், ஒவ்வொருவரும் கண்டதைப் படத்தின் பின்பக்கம் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். குழந்தைகளிடமிருந்து தொடங்குவது நல்லது. பெரியவர்கள் எழுதியதை அவர்கள் எட்டிப் பார்த்துவிடுவார்கள்.