இலவச சிம்முக்குச் சொந்தக்காரர் யார்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு ரீசார்ஜ் விநியோகஸ்தர் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது. "சார், டிசம்பர் வரைக்கும் இலவசம் என்று ஒருத்தர் கொடுத்தால் மற்றவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்? இதற்குச் சட்டம் இல்லையா?" அந்த இலவசம் அப்புறம் 2017 மார்ச் 31 வரை நீண்டது.

சட்டம் இருக்கிறது. அடக்க விலைக்குக் கீழே விற்றுப் போட்டியாளரை ஒழிப்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அப்படி விற்பவர் ஏற்கெனவே சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்க வேண்டும். ஏர்டெல் புகார் கொடுத்தது. 2017 ஜூனில் போட்டி ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. ஜியோவிடம் அப்போது சந்தையில் 7 சதவீதம்கூட இல்லை. பெரும் முதலீடு இருப்பதாலேயே ஒருவரை ஆதிக்கம் செலுத்துபவர் என்று சொல்ல முடியாது என்றது ஆணையம்.

ஆணையம் சொன்னதில் நியாயம் உண்டு. புதிதாக வருபவர் விலையைக் குறைத்துத்தான் உள்ளே வர முடியும். பழைய நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் எண்ணிலிருந்து இன்னொன்றின் எண்ணுக்குப் பேச, இரண்டு வலைப்பின்னல்களும் இணையும் முனைகள் வேண்டும். முனைகள் போதவில்லை என்றால் அழைப்பு போகாது. புது சிம் வாங்கியவர் அந்த சிம்மைத்தான் குறை சொல்வார். ஜியோவுக்குப் போதுமான முனைகள் தரவில்லை என்று ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க 2016 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது.

ஆனாலும் என் மனம் ஆறவில்லை. காரணம், நம் சட்டம் 'இன்று எவ்வளவு பெரியவர்' என்று பார்க்கிறது. 'யாருடைய தோளில் நிற்கிறார்' என்பதற்குக் குறைந்த எடையே தருகிறது. 2010 அலைக்கற்றை ஏலத்தில் நாட்டின் 22 தொலைத்தொடர்பு வட்டங்களையும் 12,848 கோடிக்கு எடுத்தது இன்ஃபோடெல் என்ற சிறிய நிறுவனம். முடிவு வந்த அன்றே அதன் 95 சதவீதப் பங்கை வாங்குவதாக ரிலையன்ஸ் அறிவித்தது; அந்த இன்ஃபோடெல்தான் பிறகு ஜியோ ஆனது. இணையத்துக்கென்று வாங்கிய அந்த அலைக்கற்றையில் குரல் சேவையும் தர, 2013இல் 1,658 கோடி கட்டி உரிமம் மாற்றப்பட்டது. எதிர்த்துப் போடப்பட்ட பொதுநல வழக்கை 2016இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எல்லாம் சட்டப்படிதான். ஆனால் ஏலத்தில் கை தூக்குபவருக்கும் கடைசியில் சொந்தக்காரராகிறவருக்கும் உள்ள உறவை ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் நடந்ததைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். ஏற்கெனவே கடனில் இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் சிக்னல் இழந்தது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றால், அனுப்பவே சிக்னல் வேண்டுமே! வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும் என்று கைபேசியோடு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2025இல் அது அரசுக்குக் கட்ட வேண்டிய நிலுவைத் தொகை பங்குகளாக மாறி, அந்த நிறுவனத்தில் மத்திய அரசின் பங்கு 49 சதவீதத்தை எட்டியது. பிஎஸ்என்எல்லும் அரசினுடையது; உரிமம் கொடுப்பதும் அரசுதான். ஆடுபவரே நடுவராகவும் இருக்கும் இந்த நிலை எனக்குக் கவலை தருகிறது.

இன்று ஜியோ, ஏர்டெல் இரண்டிடம் மட்டும் 70 சதவீதத்துக்கு மேல் இணைப்புகள் இருக்கின்றன. 2024 ஜூலை முதல் வாரத்தில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. விலையைத் தனித்தனியாக முடிவு செய்து ஒரே பக்கம் நகர்ந்தால், அதை மட்டும் வைத்துக் கூட்டுச்சதி என்று வழக்குப் போட முடியாது. ஒப்பந்தம் இருந்ததற்குச் சான்று வேண்டும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. வங்கி, ஆதார், கடை வியாபாரம் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் கட்டாதீர்கள். வேறு நிறுவனத்தின் எண் ஒன்றும் உயிரோடு இருக்கட்டும். அடுத்தது, டிராய் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும்போது கருத்து எழுதுங்கள். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், வந்த கருத்துகளை டிராய் தன் இணையதளத்தில் போடுகிறது. நான் திறந்து பார்க்கும்போதெல்லாம் நிறுவனங்களின் கருத்துகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ரீசார்ஜ் செய்பவர்களின் கடிதங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.