கறுப்புக் குடுவையில் கறுப்பு இல்லை

போர்னியோவின் மணற்பாங்கான காட்டில், பூச்சியைப் பிடிக்கும் குடுவைச்செடி இனமான நெப்பந்தஸ் ராஃப்லேசியானாவின் கொடியொன்றை அடியிலிருந்து நுனிவரை பார்த்துக்கொண்டே போனால் குழப்பமே மிஞ்சும். தரையில் உட்கார்ந்திருக்கும் குடுவைகள் தொப்பையும் தொந்தியுமாக, உடம்பெங்கும் செம்புள்ளி தெறித்திருக்கும். அதே கொடி மரத்தைப் பற்றி மேலேறிய பிறகு விடும் குடுவைகள் புனல்போல் மெலிந்து, வெளிறிய பச்சையாய்த் தொங்கும். முதன்முறை பார்ப்பவர் இவற்றை வேறு வேறு செடிகள் என்றே சொல்வார். வேரும் தண்டும் ஒன்றுதான்.

ஆகவே வழக்கத்துக்கு மாறான நிறத்தில் குடுவை ஒன்று கண்ணில் பட்டதும் ‘புது ரகம்’ என்று கூவுவது அவசரம். நிறம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

குடுவை பூவும் இல்லை, காயும் இல்லை, இலையின் பகுதி. இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டிக் கம்பிபோல் நீண்டு, அதன் முனை ஊதிப் பெருத்துக் குடுவையாகிறது. எனவே அடிநிறம் பச்சையத்தின் பச்சை. அதன் மேல் படியும் சிவப்பும் ஊதாவும் அந்தோசயனின் என்ற நிறமியின் வேலை. நெப்பந்தஸின் தூரத்து உறவுகளான பீட்ரூட்டும் காகிதப்பூவும் சிவப்புக்கு பீட்டாலைன் என்ற வேறொரு நிறமியை நம்புகின்றன. தாவர வகைப்பாட்டில் அவை இருக்கும் அதே பெரிய வரிசையில் இருந்தும் குடுவைச்செடிகள் அந்தோசயனினையே வைத்துக்கொண்டிருக்கின்றன.

சில இடங்களில் நெப்பந்தஸ் கிராசிலிஸ் குடுவைகள் ஏறக்குறையக் கறுப்பாகவே இருக்கும். அங்கே கறுப்பு நிறமி எதுவும் கிடையாது. பச்சையம் நீல ஒளியையும் சிவப்பொளியையும் விழுங்குகிறது. அது விட்டுவைத்த பச்சையொளியை அந்தோசயனின் விழுங்கிவிடுகிறது. இரண்டும் அடர்ந்திருக்கும் இலையிலிருந்து நம் கண்ணுக்குத் திரும்பி வர ஒளி அதிகம் மிஞ்சுவதில்லை. அதைத்தான் கறுப்பு என்கிறோம்.

அந்தோசயனினைச் செடி எப்போதும் ஒரே அளவில் செய்வதில்லை. கடும் வெயில் இலையின் ஒளிச்சேர்க்கைக் கருவிகளைப் பழுதாக்கும். அப்போது இந்த நிறமி ஒரு திரையாக நின்று உதவுகிறது. தழைச்சத்தோ மணிச்சத்தோ குறைந்தாலும், இரவுக் குளிர் கூடினாலும் சிவப்பு ஏறும். இதனால் திறந்த வெளியில் செக்கச்செவேலென்று இருக்கும் செடியின் உடன்பிறப்பு, பத்தடி தள்ளி மரநிழலில் பச்சையாய்க் கிடப்பது சாதாரணம். வயதும் சேர்ந்துகொள்ளும். மூடி இப்போதுதான் திறந்த குடுவையின் வாய்விளிம்பு பச்சையாக இருந்து, நாள் போகப் போகச் சிவக்கும். கைப்பேசி வேறு தன் பங்குக்குக் குழப்பும். அடர்ந்த காட்டுக்குள் இலைகளூடே வடிந்து வரும் ஒளியே பச்சைதான். அதில் எடுத்த படத்தை வைத்து நிறத்தைத் தீர்மானிக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். வெள்ளைத் தாள் ஒன்றைப் பக்கத்தில் பிடித்து எடுத்தால் ஓரளவு நம்பலாம்.

இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சும் செடிகள்தாம் சுவாரசியமானவை. நல்ல வெயிலில் நிற்கிறது, பக்கத்துச் செடிகள் எல்லாம் சிவந்திருக்கின்றன, இது மட்டும் இளந்தளிரில்கூடச் சிவப்பின் சாயலே இல்லாமல் இருக்கிறது என்றால் மரபணுவைச் சந்தேகிக்கலாம். அந்தோசயனின் பல நொதிகள் வரிசையாகக் கைமாற்றிச் செய்யும் பொருள். நடுவில் ஒரு கை முடங்கினாலும் சரக்கு வெளியே வராது. வட அமெரிக்காவின் சாரசீனியாக் குடுவைச்செடிகளில் நடந்த கலப்புச் சோதனைகளில் இந்தக் குறை ஒடுங்கு பண்பாக இறங்குவது தெரியவந்தது. நெப்பந்தஸிலும் அப்படியே என்றால், தாய் தந்தை இரண்டுமே அதைச் சுமந்திருக்க வேண்டும். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால் தன் மகரந்தத்தாலேயே கருவுற வழியும் கிடையாது.

கலப்பினம் இன்னொரு வழி. ஒரே காட்டில் வளரும் நெப்பந்தஸ் இனங்கள் தம்முள் எளிதாகக் கலந்துவிடும். ஆம்புலேரியாவும் ராஃப்லேசியானாவும் கலந்து உண்டாகும் ஹூக்கரியானா, இரண்டுக்கும் இடைப்பட்ட உருவத்தில் காடுகளில் பரவலாகக் காணப்படுகிறது. நிறம் மட்டும் மாறியிருந்து வடிவம் மாறாவிட்டால் கலப்பு என்ற ஐயம் குறையும். விளிம்பின் அகலமும் மூடியின் வடிவமும் சேர்ந்தே மாறியிருந்தால் வலுக்கும்.

சிவப்பு பூச்சிகளை ஈர்க்கத்தான் என்ற பேச்சை நான் முழுதாக ஏற்பதில்லை. பெரும்பாலான பூச்சிகளுக்குப் புற ஊதா, நீலம், பச்சை ஆகியவற்றுக்கான உணர்விகளே உண்டு. சிவப்பு அவற்றுக்கு வெறும் இருட்டு. நெப்பந்தஸ் வென்ட்ரிகோசாவை வைத்து 2008-இல் வெளியான ஆய்வு சிவப்புக்குச் சாதகமாக இருந்தது உண்மை. அடுத்த ஆண்டே சாரசீனியாவில் செய்த ஆய்வு, இழுப்பது தேன்தான், நிறமில்லை என்றது. ஆம்புலேரியாவைப் பாருங்கள்: மேலிருந்து விழும் சருகைச் செரித்துத் தன் தழைச்சத்தில் மூன்றிலொரு பங்கு அளவுக்குச் சேர்த்துக்கொள்ளும் செடி. பூச்சிகளைக் கூப்பிட வேண்டிய அவசியம் அதற்குக் குறைவு. ஆனால் பச்சை, புள்ளி, முழுச்சிவப்பு என்று நிறத்தில் ஆட்டம் போடுவதில் இதற்கு இணை அரிது. சருகு நிறம் பார்த்து விழுவதில்லையே!

அல்போமார்ஜினேட்டா என்ற நெப்பந்தஸ் இனத்தின் கதை வேறு. அதன் விளிம்புக்கு அடியில் ஓடும் வெள்ளைப் பட்டை உண்மையில் தின்னக்கூடிய மயிர்த்தொகுதி. ஹாஸ்பிடாலிடெர்மெஸ் என்ற கறையான்கள் அதைத் தின்ன வந்து ஆயிரக்கணக்கில் உள்ளே விழுகின்றன. அவை தின்று முடித்ததும் பட்டையும் போய்விடும், பிறகு கறையான்கள் அந்தக் குடுவையைச் சீண்டுவதில்லை. வெள்ளைப் பட்டை இல்லாத குடுவையைக் கண்டு அபூர்வ ரகம் என்று எண்ணினால், அது விருந்து முடிந்த பந்தியாக இருக்கக்கூடும்.

அபூர்வ நிறத்துக்கு விலை உண்டு என்பதால் இடத்தைத் துல்லியமாக வெளியில் சொல்வது ஆபத்து. செடி வேரோடு போய்விடும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், இரண்டைத் தவிர எல்லா நெப்பந்தஸ் இனங்களும் இருக்கின்றன. அந்த இரண்டும், அதாவது மேகாலயாவின் காசியானாவும் போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் ராஜா என்ற இனமும், இன்னும் கடுமையான முதல் பட்டியலிலேயே உள்ளன. விதைகளையும் இலைகளையும் எடுத்து வரத் தேவையுமில்லை. குடுவையின் உயரம், அதன் மேல் விழும் வெயில், பக்கத்துச் செடிகளின் நிறம், தளிரின் நிறம் இவற்றைக் குறித்துக்கொண்டு, சில மாதம் கழித்து அதே கொடிக்குத் திரும்பி வந்தால் போதும். அதற்குள் புதிதாக ஒரு குடுவை திறந்திருக்கும். அதன் நிறத்தையும் குறித்துக்கொள்ளலாம்.