முப்பது நிமிடமும் நான்கு விநாடியும்

கோவையில் குளிர் இறங்கிவிட்டால் ஞாயிறுதோறும் எங்காவது ஓர் ஓட்டம் நடக்கும். ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர், ஏதாவது ஒரு நல்ல காரியத்தின் பெயரில். மறுநாள் திங்கட்கிழமை என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வருகிறவர்களில் யார் முந்தைய நாள் ஓடியவர் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளினிக் முதல் மாடியில் இருக்கிறது. ஏறி வரும்போது தெரியாது. இறங்கிப் போகும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் இறங்குவார்கள்.

அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் வரும் தசைவலி அது. இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், நான்கைந்து நாளில் தானாகவே அடங்கிவிடும். ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே வருகிறவர்கள்தான் எனக்குக் கவலை. பணம் கட்டியாகிவிட்டது, டி-ஷர்ட் அளவும் கொடுத்தாகிவிட்டது, மனதில் ஒரு நேரமும் குறித்தாகிவிட்டது. பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள், அல்லது ஐந்து கிலோமீட்டரை அரை மணி நேரத்துக்குள். கால்தான் ஒத்துழைக்கவில்லை.

அப்படி வந்த ஒருவரைச் சொல்கிறேன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). வயது நாற்பதை நெருங்குகிறது. பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் மேலாளர். மாதக்கணக்கில் வாரத்துக்கு 12 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர், ஓட்டத்துக்குப் பதிவு செய்த உற்சாகத்தில் மூன்றே வாரத்தில் அதை 35 கிலோமீட்டராக்கிவிட்டார். போன் செயலியைத் திறந்து பெருமையோடு காட்டினார். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட வேகம். வலது கணைக்காலில் வலி. ஒரு வாரத்துக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயையும் கொண்டுவந்திருந்தார். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை மேடம், நரம்புப் பிடிப்பாகத்தான் இருக்கும்" என்றார்.

படுக்க வைத்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டைவிரலால் ஒவ்வோர் அங்குலமாக அழுத்திக்கொண்டு போனேன். எலும்பின் ஓரம் நெடுக, உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது எலும்பை ஒட்டிய திசுக்களும் எலும்பின் மேலுறையும் எரிச்சலடைந்திருப்பது. சுமையைக் குறைத்தால் அடங்கும். இவருக்கு அப்படி இல்லை. கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடை வரை ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது இடத்தில் விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள இடம். அதைத் தாண்டி அழுத்தினால் மறுபடியும் ஒன்றுமில்லை. "இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "ஆமாம்" என்றார்.

எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எம்ஆர்ஐ ஸ்கேனில் மயிரிழை முறிவு தெரிந்தது. இவ்வகை முறிவு முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்றால் முறிவே இல்லை என்று ஆகிவிடாது. ஓடுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

திரும்பி வந்தவர் கேட்ட கேள்வியை எனக்கு மாதம் ஒருவராவது கேட்பார். "மேடம், அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஓடிவிட்டு அப்புறம் ஓய்வெடுத்துக்கொள்கிறேனே. வலி மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா?"

"ஓடலாம் சார். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாலும் முடித்துவிடுவீர்கள். இப்போது கீறலாக இருப்பது முழுதாக முறிந்தால், எட்டு வாரம் எட்டு மாதமாகிவிடும்" என்றேன். அவர் ஓடவில்லை. என்மேல் இன்னமும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவர் சோம்பேறியும் அல்ல, முரடரும் அல்ல. உடம்பு அவரை ஏமாற்றியது, அவ்வளவுதான். ஓடத் தொடங்கிய மூன்று நான்கு வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறையும். இதயமும் இரத்த ஓட்டமும் அவ்வளவு விரைவில் பழகிக்கொள்ளும். "ஆகா, இன்னும் வேகமாக ஓடலாம் போலிருக்கிறதே" என்று தோன்றும். எலும்பின் கணக்கு வேறு. சுவரைப் புதுப்பிக்க வந்த கொத்தனார் முதலில் பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பது போல, புதுச் சுமையைக் கண்ட எலும்பு முதலில் தன் பழைய திசுவைக் கரைத்துவிட்டு அதன் பிறகே புதிதாகக் கட்டும். கரைப்பதற்குச் சில வாரம், கட்டி முடிக்கச் சில மாதம். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பு இருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். மூச்சு சுகமாகிவிட்டது என்று நாம் வேகத்தைக் கூட்டுவதும் சரியாக அந்த வாரங்களில்தான்.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு 44 வயது. சென்ற ஆண்டு, ரேஸ் கோர்ஸ் பகுதியைச் சுற்றி நடந்த ஓர் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் முப்பது நிமிடத்துக்குள் முடிப்பது என்று இறங்கினேன். கணக்கு எளிது. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். கொடியசைத்ததும் கூட்டம் பாய்ந்தது, நானும் பாய்ந்தேன். முதல் கிலோமீட்டர் 5 நிமிடம் 18 விநாடி. 42 விநாடி கையிருப்பு சேர்ந்துவிட்டது என்று மனதுக்குள் கணக்கெழுதிக்கொண்டேன். இரண்டாவது 5:55. மூன்றாவது 6:28. நான்காவதில் 6:50 ஆனபோது, என் அம்மா வயதுள்ள ஒருவர் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார். கடைசி 6:41. மொத்தம் 31:12. முதல் கிலோமீட்டரில் மிச்சம் பிடித்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கைக் கடைசி மூன்றில் தொலைத்திருந்தேன். வேகமாகத் தொடங்கினால் தசையில் இருக்கும் சேமிப்பு சீக்கிரம் தீர்ந்து, அப்புறம் ஒவ்வோர் அடியும் கடனில்தான் ஓடும். நோயாளிகளுக்கு நானே வகுப்பெடுக்கிற விஷயம் இது.

இந்த ஆண்டு பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொண்டேன். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், அதில் ஒரே ஒரு நாள் வேகம். 400 மீட்டர் தடத்தில் எட்டுச் சுற்று, ஒவ்வொன்றும் 2 நிமிடம் 24 விநாடியில், நடுவே ஒன்றரை நிமிட நடை. (உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 2020இல் மொனாக்கோவில் 5000 மீட்டரை 12 நிமிடம் 35 விநாடியில் ஓடினார். அவர் ஒரு முழுக் கிலோமீட்டரை முடிக்கும் நேரத்தில் நான் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றில் இருபது மீட்டர் போயிருப்பேன். என் லட்சியத்தின் அளவு எனக்குத் தெரியாமல் இல்லை.) மீதி மூன்று நாளும் மெதுவோட்டம். எவ்வளவு மெதுவாக என்றால், கூட ஓடும் தோழியிடம் முந்தைய நாள் விருந்தில் என்னென்ன பரிமாறினார்கள் என்பதை மூச்சிறைக்காமல் சொல்லி முடிக்கிற அளவுக்கு. எனக்கு அது கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம்.

இந்த மெதுவோட்டம்தான் எல்லோருக்கும் கசக்கிறது. செயலியில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கம் ஒரு பக்கம், மெதுவாக ஓடினால் எப்படி வேகம் வரும் என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். உலகத்தரமான நெடுந்தூர ஓட்டக்காரர்களே தங்கள் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். என் மேசையில் படுக்கிறவர்களிடம் பயிற்சிக் கணக்கைக் கேட்டால், அநேகமாக எல்லா நாளும் ஒரே வேகம். உடம்பு ஓய்வெடுக்க முடியாத அளவுக்கு வேகம், ஆனால் உண்மையான வேகப் பயிற்சிக்குப் போதாத வேகம்.

ஓடாத மூன்று நாளில் இரண்டு நாள் மாடிப்படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி செய்தேன். முதல் வாரம் எட்டு முறையிலேயே கெண்டைக்கால் நடுங்கியது. பன்னிரண்டாம் வாரம் இருபத்தைந்து வந்தது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கைக் கெண்டைக்கால் தசையும் அதன் தசைநாணும்தான் வாங்குகின்றன. ஷூவுக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் செலவழிக்கிறவர்கள் காசில்லாத இந்தப் பயிற்சியைச் செய்வதில்லை. முட்டிவலிக்காரர்களுக்கு இன்னொன்று: அடியைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு எட்டுப் பத்து அடி கூடுதலாக வைத்துப் பாருங்கள். வேகத்தை மாற்ற வேண்டாம். முட்டியில் விழும் சுமை குறையும்.

வலி வந்தால் எப்போது நிறுத்துவது? நான் கடைப்பிடிக்கும் அளவு இது. பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, ஓட ஓடக் கூடாமல், மறுநாள் காலைக்குள் மறைந்துவிட்டால் தொடரலாம். ஓடும்போதே கூடிக்கொண்டு போனாலும், நொண்ட வைத்தாலும், ஒரே புள்ளியில் குத்தினாலும், இரவில் எழுப்பினாலும் நிறுத்திவிட்டு யாரிடமாவது காட்ட வேண்டும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. வியர்த்து உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அது ஆபத்து. நிறுத்தச் சொல்லும் ஒரே சமிக்ஞையையும் அவை அணைத்துவிடும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்துக்கொள்கிறவர்கள் வெறும் வயிற்றில் ஓடப் போகும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது, ஓடும்போது மயக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஷூ வாங்குவதற்கு முன் இதய மருத்துவரைப் பாருங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பள்ளி ஆசிரியை ஒருவர், மூன்று மாதமாக ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வேகம் குறைந்துகொண்டே போகிறது என்று வந்தார். காலில் ஒரு குறையும் இல்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 9.1. 'வயசாகுதில்ல' என்று வீட்டில் எல்லோரும் சொல்லி, அவரும் நம்பியிருந்தார். தேசியக் குடும்ப நல ஆய்வின் (2019-21) கணக்குப்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஓட்டப் பயிற்சி தொடங்கும் முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது எந்தக் கைக்கடிகாரத்தையும்விடப் பயன் தரும்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். காலை ஐந்தரைக்குத் தொடக்கம். நாலே காலுக்கு ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் டீ. ஐந்து கிலோமீட்டருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. மேடையில் ஒலிபெருக்கி அதிர, இருபது நிமிடம் கூட்டத்தைக் குதிக்க வைத்தார்கள். பயிற்சியில்லாதவர்களின் கெண்டைக்கால் தொடக்கக் கோட்டுக்கு வருவதற்குள்ளேயே பாதி களைத்துப்போகும். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஓரமாகப் போய்ப் பத்து நிமிடம் மெல்ல ஓடிவிட்டு, கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டேன்.

கொடியசைந்தது. எல்லோரும் பாய்ந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு நிமிட வேகத்திலேயே போனேன். முதல் கிலோமீட்டர் 6:01. அப்போது என்னைத் தாண்டிப் போன முதுகுகளை மூன்றாவது கிலோமீட்டரில் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். 5:59, 6:00, 5:59. கடைசிக் கிலோமீட்டரில் கண் மங்கும் அளவுக்கு ஓடினேன். 5:44. கடிகாரம் மணிக்கட்டில் அதிர்ந்தது: ஐந்து கிலோமீட்டர், 29:43, தனிப்பட்ட சாதனை, வாழ்த்துகள். முடிவுக்கோடு இன்னும் அறுபது மீட்டர் தள்ளி இருந்தது.

போட்டித் தடத்தை முறையாக அளப்பவர்கள், வளைவுகளின் உள்ளோரத்தை ஒட்டி, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டிலேயே அளப்பார்கள். நாம் ஆளை விலக்கி, வளைவை அகலமாக எடுத்து ஓடுவோம். ரேஸ் கோர்ஸ் மரநிழலில் ஜிபிஎஸ் கணிப்பும் கொஞ்சம் தடுமாறும். அதனால் கடிகாரம் ஐம்பது, நூறு மீட்டர் கூடுதலாகக் காட்டுவது வழக்கம்தான். எண் அட்டையில் ஒட்டியிருந்த சிப் கொடுத்த நேரம் 30:04.

"29:43 என்றுதானே காட்டுகிறது, அதையே எல்லோருக்கும் அனுப்பிவிடேன்" என்றார் கணவர். தடம் அறுபது மீட்டர் குறைவாக இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன் என்பது உண்மைதான். ஆனாலும் மனம் வரவில்லை. சான்றிதழில் 30:04 என்று அச்சாகிவிட்டது.

இன்னும் மூன்று வாரத்தில் அதே பகுதியில் இன்னோர் ஓட்டம் இருக்கிறது. நான்கு விநாடிதானே. பதிவு செய்யும் பக்கம் என் போனில் திறந்தபடியே கிடக்கிறது. நேற்றும் இன்றும் காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைத்த முதல் அடியில், வலது குதிகாலின் உட்பக்கம் சுருக்கென்று குத்தியது. நாலு அடி நடந்ததும் மறைந்துவிட்டது. வேறு யாராவது வந்து இதைச் சொன்னால் எந்தத் திசு, எத்தனை வாரம் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவேன். பணம் இன்னும் கட்டவில்லை.