5 கிலோவாட் இன்வேர்ட்டருக்கு எத்தனை பனல் போடலாம்?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கூரைக்கு சோலார் போடப் போகிறவர்கள் விலைமனுவில் முதலில் பார்ப்பது, இன்வேர்ட்டர் 5 கிலோவாட் என்றால் பனலும் 5 கிலோவாட்தானா என்பதைத்தான். பனல் கூடினால் இன்வேர்ட்டர் எரிந்துவிடும் என்று பயம். கிலோவாட் அளவோடு கூடினால் இன்வேர்ட்டர் எரியாது. வோல்ட் கூடினால் எரியும்.

பனலில் 550 வாட் என்று போட்டிருப்பது ஆய்வுகூடக் கணக்கு: சதுர மீற்றருக்கு 1000 வாட் வெயில், பனலின் சூடு 25 பாகை. கச்சான் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் தகரக் கூரையோடு ஒட்டிப் பூட்டிய பனல் நடுப்பகலில் 65 பாகைக்குப் போவது சாதாரணம். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும். 40 பாகைக்கு 14 சதவீதம். தூசிக்கு 5, வயருக்கு 2, இன்வேர்ட்டருக்கு 3 சதவீதம் கழித்துப் பாருங்கள். 5 கிலோவாட் பனலிலிருந்து உச்சி வெயிலில் வந்து சேர்வது 3.9 கிலோவாட் அளவுதான். காசு கொடுத்து வாங்கிய இன்வேர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு சும்மா கிடக்கிறது. (சம்மாந்துறைப் பக்கம் நெல் ஆலைக்கு அருகில் வீடென்றால் உமிச் சாம்பல் படியும், தூசிக் கணக்கு 5இல் நிற்காது.)

அதே 5 கிலோவாட் இன்வேர்ட்டருக்கு 550 வாட் பனல் 12 போட்டால் 6.6 கிலோவாட். மேலே சொன்ன கழிவுகள் போக 5.1 வரும். மிஞ்சும் அந்தச் சொற்பத்தை இன்வேர்ட்டர் எடுக்காமல் விட்டுவிடும், அவ்வளவுதான். பனல் மின்சாரத்தை உள்ளே தள்ளுவதில்லை. இன்வேர்ட்டர்தான் வேண்டியதை இழுக்கிறது. காலை எட்டு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும், மாரி மப்பு நாட்களிலும் அந்தக் கூடுதல் பனல்கள் முழுக்க உங்களுக்கே உழைக்கும். ஆகவே இந்தப் பகுதிக்கு 1.2 முதல் 1.3 மடங்கு பனல் போடுவதே எங்கள் பரிந்துரை. பாதி கிழக்குக் கூரையிலும் பாதி மேற்குக் கூரையிலும் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராது. இன்னும் கொஞ்சம் கூட்டலாம். ஆனால் இரண்டு திசையையும் ஒரே வரிசையில் கோர்க்கக் கூடாது. ஒவ்வொன்றும் தனி எம்.பி.பி.டி. (பனலிலிருந்து உச்ச மின்சாரத்தை இழுக்கும் பகுதி) உள்ளீட்டுக்குப் போக வேண்டும். எந்த மடங்கானாலும், தரவுத்தாளில் உற்பத்தியாளர் அனுமதித்த உச்ச பனல் அளவைத் தாண்டாதீர்கள்.

இனி வோல்ட். பனலின் பின்பக்க ஸ்டிக்கரில் வீ.ஓ.சி. (எதனோடும் தொடுக்காமல் வெயிலில் இருக்கும் பனலின் வோல்ட்) என்றிருக்கும் எண்தான் முக்கியம். 550 வாட் பனலில் பெரும்பாலும் 49.8 வோல்ட் அளவில் இருக்கும். வரிசையாகக் கோர்க்கும்போது இது கூடிக்கொண்டே போகும். பற்றரியோடு வரும் 5 கிலோவாட் இன்வேர்ட்டர்கள் பலவற்றின் உச்ச எல்லை 500 வோல்ட். பத்துப் பனல் கோர்த்தால் 498, தாளில் சரி. ஆனால் சூட்டில் குறைகிற வோல்ட் குளிரில் ஏறும், பாகைக்கு 0.27 சதவீதம் அளவில். மார்கழி விடியலில் 20 பாகைக்கு இறங்கிக் கிடக்கும் பனலில் மழை விட்ட வெயில் பளிச்சென்று பட்டால் 498 என்பது 504 ஆகும். எல்லை தாண்டியதால் உள்ளீட்டுப் பாகங்கள் பழுதாகலாம். உத்தரவாதமும் அதோடு போய்விடும். அங்கே ஒரு வரிசைக்கு ஒன்பது பனல்தான் சரி: 448, குளிரில் 454.

600 வோல்ட் எல்லை உள்ள இன்வேர்ட்டரிலும் 12 பனலை ஒரே வரிசையில் கோர்த்தால் குளிரில் 605ஐத் தொடும். ஆறு ஆறாக இரண்டு உள்ளீட்டில் பிரித்தால் பிரச்சினை இல்லை.

அம்பியரையும் பாருங்கள். 210 மில்லிமீற்றர் செல் உள்ள பெரிய பனல்கள் 17 அம்பியர் வரை தருகின்றன. பழைய மாதிரி இன்வேர்ட்டரின் உள்ளீடு 13 அம்பியர் என்றால் நல்ல வெயிலில் கால்வாசி வீண். மலிவாகக் கிடைத்த இன்வேர்ட்டரோடு புதுப் பனலைச் சேர்க்கும்போது நடப்பது இதுதான். இன்வேர்ட்டருக்குக் குறுஞ்சுற்று அம்பியர் எல்லை என்று தனியாக ஒன்றும் உண்டு, பனலின் ஐ.எஸ்.சி. (பனலின் இரண்டு வயரையும் நேரே தொடுத்தால் ஓடும் அம்பியர்) அதைத் தாண்டவே கூடாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பிறகு கூட்டலாம் என்று 10 கிலோவாட் இன்வேர்ட்டர் வாங்கி நாலு பனல் மட்டும் போடுகிறார்கள். சூட்டில் நாலு பனலின் ஓடும்போதுள்ள வோல்ட் (இது வீ.ஓ.சி.யை விடக் குறைவு) 145க்கு இறங்கும். இன்வேர்ட்டர் 200இல்தான் வேலையைத் தொடங்கும் என்றால் அது கண்ணே திறக்காது.

கூடுதல் பனல் போட்ட இன்வேர்ட்டர் பகலில் நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடும், சூடும் கூடும். 45 பாகைக்கு மேல் பெரும்பாலானவை உற்பத்தியைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும். மேற்குச் சுவரிலோ தகரக் கொட்டிலுக்குள்ளோ பூட்டினால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். வடக்குச் சுவர், நிழல், சுற்றிலும் ஓரடிக்குக் குறையாத இடைவெளி. காத்தான்குடி, கல்லடி போல் கடலுக்கு அருகில் என்றால் உப்புக் காற்று நேரே அடிக்காத பக்கமாகவும் இருக்கட்டும்.

ஏற்கெனவே மின்சார சபையோடு ஒப்பந்தம் செய்த இணைப்பில் பனல் கூட்டுவதோ இன்வேர்ட்டர் மாற்றுவதோ என்றால், வேலை தொடங்குமுன் உங்கள் பிரதேச மின் அத்தியட்சகர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். விலைமனுவில் ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பனல், குளிரில் வோல்ட் எவ்வளவு, சூட்டில் எவ்வளவு, இன்வேர்ட்டரின் எல்லை எவ்வளவு என்ற நாலும் இல்லாவிட்டால் முற்பணம் கொடுக்காதீர்கள்.