சைக்ஸ் என்ற பெயருக்குச் சின்னம் கிடையாது

கடந்த மாதம், யார்க்ஷயரில் வசிக்கும் ஒரு தமிழ்த் தாய், கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு படத்தை என் மேசையின் மேல் வைத்தார். வெள்ளைக் கேடயம், அதன் நடுவில் கூரை வடிவில் ஒரு கறுப்புப் பட்டை, பட்டையின் மேல் இரண்டும் கீழ் ஒன்றுமாக, நீலமும் வெள்ளையும் அலையலையாக ஓடும் மூன்று வட்டங்கள், அடியில் பழைய பாணி எழுத்தில் ‘சைக்ஸ்’ என்ற பெயர். அவருடைய மகள் ஹடர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த ஓர் இளைஞரை மணக்கவிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரின் குலச்சின்னம் என்று நம்பி அந்தப் படத்தை இணையத்தில் வாங்கி, அழைப்பிதழின் முகப்பிலும் அச்சிட்டுவிட்டார். நெசவாலைத் தொழிலாளியின் மகனான சம்பந்தி அழைப்பிதழைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது எங்களுடையதா?” என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இரு குடும்பத்தாரும் ஒன்றாக என்னிடம் வந்தார்கள்.

குடும்ப வரலாறு ஆய்வதைத் தொழிலாகக் கொண்ட என்னிடம் இவ்வாறு சட்டமிட்ட சின்னத்தோடு வந்தவர்களில், இந்த ஆண்டில் மட்டும் இவர்கள் ஆறாவது குடும்பம். ஒவ்வொரு முறையும் அதே விளக்கத்தைத் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டதால், இதை எழுதுகிறேன். ஆங்கிலேயக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்துகொள்ளும் நம்மவர்கள் பெருகிவரும் காலத்தில், அன்பினால் செய்யும் பரிசே ஒரு குடும்பத்தைச் சங்கடப்படுத்தக் கூடாது.

முதலில் அந்தப் பெயர் என்ன என்று பார்ப்போம். ‘சைக்’ என்றால் சிற்றோடை. வயலின் எல்லையாக ஓடும் வாய்க்கால், சதுப்பு நிலத்தில் கசிந்து செல்லும் நீர்வழி ஆகியவற்றையும் அது குறிக்கும். பழைய ஆங்கிலத்திலும் பழைய நோர்ஸ் மொழியிலும் இச்சொல் உண்டு. வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பேச்சுவழக்கில் இன்றும் வாழ்கிறது. தெற்கில் இதே சொல்லின் இறுதி ஒலி மாறி ‘சிச்’ ஆகிவிட்டது. ‘டைக்’ என்பதும் ‘டிச்’ என்பதும் ஒரே சொல்லின் வடக்கு, தெற்கு வடிவங்களாக இருப்பது போன்றதே இது. இடைக்காலப் பதிவுகளில் ‘டெல் சைக்’, அதாவது ஓடையோரத்தான், என்ற வடிவில் மனிதர்கள் குறிக்கப்படுகிறார்கள். ஓடையோரம் குடியிருந்தவரின் அடையாளம் நாளடைவில் அவர் பிள்ளைகளின் பெயராயிற்று. வடக்கு இங்கிலாந்தின் சாதாரண மக்களிடையே இத்தகைய பெயர்கள் தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் நிலையான குடும்பப் பெயர்களானது பெரும்பாலும் பதினான்காம் நூற்றாண்டில்தான். ஆகவே, ‘எங்கள் பெயர் 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏட்டிலேயே இருக்கிறது’ என்று, இங்கிலாந்தின் அந்தப் பழைய நிலக் கணக்கேட்டைச் சுட்டி விற்பனையாளர் அச்சிட்டுத் தரும் வாசகத்தைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அந்த ஏட்டில் ஓர் இடத்தின் பெயர் இருக்கலாம். உங்கள் மாப்பிள்ளையின் குடும்பம் இராது.

எழுத்துக்கூட்டலைப் பற்றியும் ஒரு சொல். ‘நாங்கள் எஸ்-ஒய் போட்டு எழுதுகிறவர்கள், எஸ்-ஐ போட்டு எழுதுகிறவர்கள் வேறு குடும்பம்’ என்று அடித்துச் சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார். அடுத்த பாதிரியார் வேறு விதமாக எழுதினார். ஒரே மனிதர் ஞானஸ்நானத்தின்போது ஒரு விதமாகவும் திருமணத்தின்போது வேறு விதமாகவும் பதிவாகியிருப்பது அன்றாடம் காண்பதுதான்.

இனி, என்னை மிகவும் வருத்தும் நம்பிக்கைக்கு வருகிறேன். மரபுச் சின்னம் ஒரு குடும்பப் பெயருக்கு வழங்கப்படுவதில்லை. அது ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுகிறது. இங்கிலாந்தில் அதை வழங்கும் அதிகாரம், 1484ஆம் ஆண்டில் மூன்றாம் ரிச்சர்ட் அரசர் சாசனம் அளித்து நிறுவிய ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்ற அமைப்பின் அதிகாரிகளிடம், அரசின் பெயரால், இருக்கிறது. சின்னம் பெற்றவருக்கும், அவரிடமிருந்து ஆண்வழியில் முறைப்படி வந்த வாரிசுகளுக்குமே அது உரியது. அதே பெயர் கொண்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. சின்னம் பெற்றவருடைய அண்ணனின் பேரனுக்குக்கூட, அந்தச் சின்னம் அவர்களுடைய பொது மூதாதைக்கு வழங்கப்பட்டிராவிட்டால், உரிமை இல்லை. ஒரே பெயர் கொண்ட பத்துக் குடும்பங்களுக்குப் பத்து வெவ்வேறு சின்னங்கள் இருக்கலாம். அதே பெயர் கொண்ட மற்ற ஆயிரக்கணக்கானோருக்கு எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். எனவே ‘சைக்ஸ் குடும்பச் சின்னம்’ என்ற சொற்றொடரே பொருளற்றது.

மக்கள் ‘கிரெஸ்ட்’ என்று அழைப்பதும் தவறான வழக்கு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேடயத்துக்கு மேலே, தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டுமே கிரெஸ்ட். முழுச் சின்னத்தையும் அந்தப் பெயரால் விற்பவருக்கு இந்தத் துறையின் முதல் பாடமே தெரியாது என்று கொள்ளலாம்.

அந்த அழைப்பிதழில் இருந்தது யாருடைய சின்னம்? கிழக்கு யார்க்ஷயரில் ஸ்லெட்மியர் என்னும் ஊரில் பெருநிலக்கிழார்களாக விளங்கிய சைக்ஸ் குடும்பத்தினுடையது. 1783இல் பேரனெட் என்னும் பரம்பரைப் பட்டம் பெற்ற குடும்பம் அது. ஒட்டோமான் பேரரசின் நிலங்களைப் பிரிட்டனும் பிரான்சும் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள 1916ஆம் ஆண்டில் செய்த சைக்ஸ்-பிகோ உடன்படிக்கையால் வரலாற்றில் இடம்பெற்ற மார்க் சைக்ஸ் அந்த வரிசையில் ஆறாவது பேரனெட். கேடயத்திலுள்ள அலை வட்டங்கள் நீரூற்றைக் குறிப்பவை. சின்னவியலில் அவற்றுக்கு ‘சைக்’ என்றே ஒரு பெயர் உண்டு. பெயரின் பொருளைப் படமாக வரைந்து காட்டும் அழகிய சிலேடை அது. அந்த அழகுதான் அதை எல்லா சைக்ஸ்களுக்கும் பொதுவானது போலத் தோன்றச் செய்கிறது.

அவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1781இல், வேறொரு சைக்ஸ் பேரனெட் ஆனார். மேற்கு யார்க்ஷயரின் தார்ன்ஹில் பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சைக்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, முர்ஷிதாபாத் நவாபின் அரசவையில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்து, பெருஞ்செல்வத்தோடு நாடு திரும்பி, பெர்க்ஷயரில் பாசில்டன் பார்க் மாளிகையைக் கட்டியவர். அவருடைய சின்னத்தின் உச்சியில் நிற்பது, கையில் ரோஜா ஏந்திய வங்காளத்துப் பெண் ஒருத்தியின் உருவம். ஒரே பெயர், இரண்டு பட்டங்கள், இரண்டு சின்னங்கள். இணையக் கடைக்காரர் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார், எந்த அடிப்படையில் அனுப்புகிறார் என்று வாங்குபவர் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டாமா?

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று அந்தத் தாய் கேட்டார். ஸ்காட்லாந்தில் மரபுச் சின்னங்களுக்கான தலைமை அதிகாரியாகிய லார்ட் லயனின் நீதிமன்றம் இத்தகைய குற்றங்களை விசாரித்துத் தண்டிக்க முடியும். இங்கிலாந்தில் இதற்குரிய வீரமரபு நீதிமன்றம் (கோர்ட் ஆஃப் ஷிவல்ரி) கடைசியாகக் கூடியது 1954ஆம் ஆண்டில். மான்செஸ்டர் மாநகராட்சியின் சின்னத்தை ஓர் அரங்கம் பயன்படுத்தியது பற்றிய வழக்கு அது. அதற்கு முன் அந்த நீதிமன்றம் கூடியது 1737இல். கடைக்காரர்கள் ஏன் அச்சமின்றி விற்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். வாங்குபவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

இனிச் சற்று நுட்பமான பகுதி. சைக்ஸ் பெயர் கொண்டவர்களிடையே உறவே இல்லை என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். ஓடை எங்கும் உண்டு என்பதால், இந்தப் பெயர் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு மரபணு அறிவியலாளர் பிரையன் சைக்ஸ், கேதரின் இர்வனுடன் சேர்ந்து, 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். சைக்ஸ் என்ற பெயருடைய 48 ஆண்களின், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமைச் சோதித்ததில், ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே மரபுத் தடம் காணப்பட்டது. ஒப்பீட்டுக்காகச் சோதித்த பிற பெயரினரிடம் அது காணப்படவில்லை. இன்றுள்ள சைக்ஸ்கள் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அந்த ஆய்வு நான்கே மரபுக் குறிகளைப் பார்த்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இன்றைய சோதனைகள் அதைவிடப் பன்மடங்கு நுணுக்கமானவை. பின்னர் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜோப்லிங்கும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவும் இங்கே பொருந்தும்: அரிய பெயர்களைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் உறவினர்கள், ஸ்மித் போன்ற மிகப் பரவலான பெயர்களைத் தாங்கியவர்களிடையே அத்தகைய ஒற்றுமை இல்லை.

மரபுத் தடம் பொருந்தாத மறு பாதியைப் பற்றி ஒரு வேண்டுகோள். மாற்றாந்தந்தையின் பெயரை ஏற்ற பிள்ளை, தத்துப்பிள்ளை, தாயின் பெயரையே தாங்கிய பிள்ளை என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இறந்துபோன பாட்டிமார்களின் ஒழுக்கத்தைப் பேசாதீர்கள். சோதனைக்கு அனுப்பும் முன், அதனால் எவர் மனம் புண்படக்கூடும் என்று வீட்டுப் பெரியவர்களோடு பேசிவிடுங்கள்.

பெயர் எங்கே செறிந்திருக்கிறது என்பதும் இதே கதையைத்தான் சொல்கிறது. 1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வரைபடமாக இட்டால், சைக்ஸ் பெயர் ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றியே அடர்ந்து நிற்கிறது: கோல்ன் பள்ளத்தாக்கு, ஹோம்ஃபர்த், பென்னைன் மலையின் மறுபுறம் சாடில்வொர்த். வீட்டிலேயே தறி, வீட்டையொட்டிச் சிறு நிலம் என்று பிழைப்பு இருந்த இடத்தில், பிள்ளைகள் தொலைவு போகவில்லை. ஒரு மைல் தள்ளிக் குடியேறினார்கள். நகைச்சுவை நடிகர் எரிக் சைக்ஸ் 1923இல் பிறந்த ஓல்டம் நகரும் சாடில்வொர்த்தை அடுத்ததே. இன்றும் இந்தப் பெயரின் மையம் அங்கேதான். வெளியே ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அதைக் கொண்டுசென்றார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இப்பெயரைத் தாங்கிய கறுப்பினக் குடும்பங்களும் பல உள்ளன. அடிமை முறை நிலவிய அந்நாட்டில் ஒரு பெயர் கைமாறுவதற்கு இரத்த உறவு தேவைப்படவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த நெருக்கம்தான் ஆய்வாளருக்குப் பெரிய இடர். ஒரே பள்ளத்தாக்கில், ஒரே தலைமுறையில், எத்தனையோ ஜான் சைக்ஸ்கள். ஊரார் அவர்களைப் பிரித்தறிய ‘ஜாக்கின் பில்’ என்பது போலத் தந்தை பெயரைச் சேர்த்து அழைத்தார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை இட்டு எழுதும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் பதிவேட்டில் அந்த அழைப்புப் பெயர்கள் பெரும்பாலும் ஏறவில்லை. இணையத்தில் வம்சாவளி வரைபவர் பட்டியலில் முதலில் கண்ணில் படும் ஜான் சைக்ஸைப் பிடித்துக்கொள்கிறார். அடுத்தவர் அதை நகலெடுக்கிறார். நூறு பேர் நகலெடுத்ததும் அது உண்மையாகிவிடுகிறது. இந்தக் குடும்பம் கொண்டுவந்த வம்சாவளியும் அவ்வாறே ஸ்லெட்மியர் மாளிகை வரை சென்றிருந்தது.

மூலப் பதிவுகள் சொன்னது வேறு. மாப்பிள்ளையின் மூதாதை ஒருவர் 1849இல் மணந்தபோது, சான்றிதழில் தந்தை பெயருக்கான இடத்தில் ஒரு கோடு மட்டுமே இழுக்கப்பட்டிருந்தது. அவருடைய 1826ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயர் மட்டும் இருந்தது. தொழில் எழுத வேண்டிய கட்டத்தில் ‘மணமாகாதவள்’ என்று பாதிரியார் எழுதியிருந்தார். சைக்ஸ் என்ற பெயர் அந்தக் குடும்பத்துக்கு அந்தத் தாயிடமிருந்து வந்தது. 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவள் மகனுடைய வீட்டில் இருக்கிறாள். கம்பளி நெசவில் உழைப்பவளாகவே பதிவாகியிருக்கிறாள். சம்பந்தி அந்தப் பக்கத்தின் நகலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அதைத் தன் அண்ணனுக்கும் ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

ஆகவே, பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று உயிரோடு இருப்பவரிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். மாளிகையிலிருந்து தொடங்கிக் கீழே வராதீர்கள். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்புக்கு அரசுப் பதிவு உண்டு. அதற்கு முந்தைய திருச்சபைப் பதிவேடுகள் 1538ஆம் ஆண்டின் ஆணையிலிருந்து தொடங்குகின்றன, எல்லா ஊர்களிலும் அல்ல. பெயர்ப் பட்டியலைப் பார்த்து நிறைவடையாமல், பதிவின் படத்தையே பாருங்கள். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதினைந்துக்கு மேற்பட்ட வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள் என்பதை மறந்து, தவறான மனிதரைத் தத்தெடுக்காதீர்கள். ஹடர்ஸ்ஃபீல்டு பகுதியில் பலர் ஆங்கிலிக்கன் அல்லாத சபைகளைச் சேர்ந்தவர்கள். ஊர்க் கோவில் பதிவேட்டில் பெயர் இல்லையென்றால், அந்தச் சபைகளின் ஏடுகளையும் தேடுங்கள். மரபுச் சின்னத்துக்கு உரிமை உண்டு என்று எவரேனும் சொன்னால், காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸிடம் எழுதிக் கேளுங்கள், கடையில் கேட்காதீர்கள்.

என்னிடம் வருகிறவர்கள் சட்டமிட்ட படங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, தாத்தா பாட்டியின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களையும், பின்புறம் எழுத்து உள்ள பழைய புகைப்படங்களையும் கொண்டுவாருங்கள்.