சத்தம் வருகிறது, படம் வரவில்லை

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் சித்தி தீபாவளிக்கு முன்னால் போன் செய்து, "43 இன்ச் டிவி 799 வெள்ளிதானாம், கேள்விப்படாத பேரா இருக்கு, வாங்கலாமாப்பா?" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அப்படி ஒன்றை வாங்கி, இரண்டே வருடத்தில் அதை வானொலியாக வைத்திருந்தவன் நான்.

முதலில் பயப்பட வேண்டாத விஷயம். பேர் தெரியாத கம்பெனிகள் பேனலை, அதாவது படம் தெரிகிற திரையை, சொந்தமாகச் செய்வதில்லை. பிஓஇ, சிஎஸ்ஓடி, எச்கேசி மாதிரி சில பெரிய தொழிற்சாலைகளில் வாங்குகின்றன. பெரிய கம்பெனிகளும் அங்கேதான் போய் நிற்கின்றன. சாம்சங்கே 2022-இல் எல்சிடி பேனல் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. (பேனலிலும் முதல் தரம், இரண்டாம் தரம் உண்டு, அது வேறு கதை.)

காசை மிச்சம் பிடிப்பது பேனலுக்குப் பின்னால். எல்சிடிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அது லட்சக்கணக்கான குட்டி ஜன்னல்கள் வைத்த கண்ணாடி, அவ்வளவுதான். வெளிச்சம் தருவது பின்னால் பட்டை பட்டையாக ஒட்டியிருக்கும் எல்இடிகள். இருபது எல்இடி வைக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டை வைத்துவிட்டு, அதே வெளிச்சம் வர ஒவ்வொன்றுக்கும் கரண்ட்டை ஏற்றிவிட்டால் செலவு குறையும், கடையில் படமும் பளிச்சென்று தெரியும். ஆனால் கரண்ட் ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் எல்இடியின் ஆயுள் குறையும், அதுவும் ஏர்கான் இல்லாத நம் கோலாலம்பூர் ஹாலில், காலையிலிருந்து ராத்திரி வரை சீரியல் ஓடுகிற வீட்டில் கேட்கவே வேண்டாம். எல்இடி மேல் பூசியிருக்கும் பாஸ்பர் கெட்டால் படம் நீலமாகும். லென்ஸ் கழன்று விழுந்தால் திரையில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரியும்.

இன்னொன்று, இந்த எல்இடிகளைக் கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு மாதிரி வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒன்று அறுந்தால் அந்த வரிசையே போச்சு. பல டிவிகளில் மொத்த வெளிச்சமும் அணைந்துவிடும். சத்தம் மட்டும் வரும். அப்போது அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள், மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பேனலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னால் இருக்கும் வெளிச்சம்தான் போயிருக்கிறது, பெரும்பாலும் பட்டை. எனக்கு அப்படித்தான் ஆனது. கம்பெனியில் பாகம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்; பழைய பட்டையைக் கழற்றிக்கொண்டு எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் புடு ஜாலான் பாசாருக்குப் போனேன், கடைக்கார தவுக்கே அதை அளந்து பார்த்துப் பொருத்தமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

பெட்டியில் எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் இன்னும் எடுப்பாகத் தெரியும் படம்) என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். மலிவு டிவி அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும், அதற்கேற்ற வெளிச்சம் அதனிடம் இருக்காது. ஆண்ட்ராய்டு டிவியில் வைட்வைன் எல்1 (படத்தைத் திருடாமல் காக்கும் பூட்டு) அனுமதி இல்லையென்றால் 4கே திரையிலும் நெட்பிளிக்ஸ் 480பி என்கிற மங்கல் தரத்தில்தான். நம் நாட்டில் 2019-இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டதால் டிவிபி-டி2 என்கிற டிஜிட்டல் ட்யூனர் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் மைடிவி என்கிற இலவச டிஜிட்டல் ஒளிபரப்பைப் பார்க்கத் தனி டிகோடர் வாங்க வேண்டும். தரச் சான்றுக்கான சிரிம் ஸ்டிக்கரையும் பார்த்துவிடுங்கள்.

சித்தி வாங்கிவிட்டார். நான் போய் முதல் வேலையாக பேக்லைட்டை, அதாவது அந்தப் பின்னால் இருக்கும் வெளிச்சத்தை, 100-லிருந்து 60-க்கு இறக்கினேன். (பல டிவிகளில் பிரைட்னஸ் வேறு, அதைக் குறைத்தால் கறுப்புதான் கெடும், எல்இடிக்கு ஒரு நிம்மதியும் கிடையாது.) "என்னப்பா, மங்கலா இருக்கே" என்றார். ரெண்டு நாளில் கண் பழகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் கார் எடுப்பதற்குள் மறுபடி 100-க்கு ஏற்றியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.